மைக் அறை நாற்காலி

— வந்துட்டியா? மத்தியானத்துலருந்து ஜன்னல் வழியா உன் குரலைத்தான் கேட்டேன். மூஞ்சியையும் பார்த்துக்கிறேன், இப்படி வா.

— செருப்பைக் கழட்ட விடுக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல வீடு இருந்தா ஸ்பீக்கர் கேட்கத்தான் செய்யும்.

— ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ன்னு கடைசியில ஒரு இழுப்பு இழுத்தியே, அது என் இழுப்பு. எட்டு வருஷம் அந்த மைக் முன்னாடி உட்கார்ந்து வளர்த்தது.

— அதுக்கும் வரி கட்டணுமா?

— டைம் கீப்பர் என்ன சொன்னார்?

— ஒண்ணும் சொல்லல.

— பொய்.

— ‘உங்க அக்கா திரும்பி வந்துட்டாங்களோன்னு நினைச்சேன்’னார். போதுமா?

— இடுப்புக்குக் கீழே ஒரு மண்ணும் தெரியாதவளுக்கு வயிறு மட்டும் எப்படி எரியுது பாரு.

— அதை விடு. காலையில பக்கத்து வீட்டு அண்ணியோட ஆஸ்பத்திரி போனியே, எக்ஸ்ரேல என்னவாம்?

— மொட்டை மாடியிலருந்து விழுந்து உடைஞ்சது முதுகு. இப்ப இடுப்பு மூட்டைச் சுத்தி, சதைக்குள்ள, புதுசா எலும்பு வளருதாம். தண்டுவடம் அடிபட்டவங்க சிலருக்கு அப்படி வருமாம். அதான் தொடை மடங்க மாட்டேங்குது. சக்கர நாற்காலியில வச்சா பலகை மாதிரி சறுக்குறேன்.

— வெட்டி எடுத்துடலாம்தானே?

— இப்பத் தொடக்கூடாதாம். அது முத்தணும், ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னாங்க. மேனேஜர் கொடுத்த கெடு அடுத்த மாசம் முடியுது. அதுக்குள்ள நான் உட்கார்ந்தா என் வேலை எனக்கு. இல்லேன்னா உனக்கே நிரந்தரம்.

— நானா கேட்டேன்?

— டாக்டர் கேட்டார். ‘ஆரம்பத்துல தொடை வீங்கிச் சூடா இருந்திருக்குமே, அப்பவே வந்திருந்தா மாத்திரையில அடக்கிப் பார்த்திருக்கலாமே’ன்னு. எனக்கு உணர்ச்சி இல்ல. தினம் உடம்பு துடைச்சு விடறது நீ.

— வெந்நீர்த் துணியில சூடு எங்கக்கா தெரியும்?

— படிச்சவ மாதிரி பேசுடி.

— படிச்சவதான்! இந்த வீட்டுல முதல் பட்டம் என்னோடது. அதைத் தூக்கிக்கிட்டு நாலு வருஷம் அலைஞ்சேன், ஒருத்தன் உட்காருன்னு சொல்லல. நீ பத்தாவதை வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில ராணி மாதிரி இருந்த. இப்பத்தான் என் வாயைக் கேட்டு ஒரு கூட்டமே ஓடிப்போய் பஸ் பிடிக்குது.

— கேட்டதுக்குப் பதில் வரல.

— தெரிஞ்சுது. இடது தொடை. அனலா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ரெண்டு வாரம் துணியைப் பிழிஞ்சு காயப் போட்டேன். நீ எழுந்து உட்கார்ந்துட்டா நான் மறுபடியும் தெருவுலதானேன்னு... திட்டுக்கா. ரெண்டு அறை விடு.

— அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லடி.

— என்னக்கா சொல்ற?

— முதல் நாளே நானும் கை வச்சுப் பார்த்தேன், கொதிச்சுது. நீயா வாயைத் திறக்கறியான்னு பார்க்கத்தான் ரெண்டு வாரமும் சும்மா படுத்துக் கிடந்தேன்.