பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

கணினிக்குச் சவுண்ட் கார்டு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர். கார்டைத் திருப்பி வயர் செருகும் துளைகளைப் பாருங்கள். பின் ஸ்பீக்கர்களுக்கென்று தனியாக ஒரு துளை இருக்க வேண்டும். மலிவான கார்டு முன்னால் வரும் சத்தத்தையே பின்னாலும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நல்ல கார்டு அப்படியில்லை. படத்தில் ஒருவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தால், முதுகுக்குப் பின்னால்தான் நடப்பான்.

இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை வழுக்கையானது. என் கடையைப் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டுமென்றால் நான் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இந்த வியாபாரத்துக்கு அவ்வளவு இடம்தான் கிடைக்கும்.

என் தங்கை கிம் நியோவும் அவள் கணவன் தெக் சூனும் அங்கே வந்தார்கள். அவன் இரண்டு ஸ்பீக்கர்தான் கேட்டான். நான் பின்னால் இரண்டும் நடுவில் ஒன்றும் சேர்த்து ஐந்தாக எடுத்து வைத்தேன்.

"மச்சான், ரெண்டு போதும். எங்க வீட்டுல அஞ்சு ஸ்பீக்கர் வச்சா நாங்க போயி லிஃப்டுலதான் படுக்கணும்."

"பின்னாடி ரெண்டு இல்லாம நீ படம் பாத்தா என்ன, போஸ்டர் பாத்தா என்ன?"

"அண்ணே, நீ விக்கிறியா, தலையில கட்டுறியா?" என்றாள் கிம் நியோ.

வீட்டு ஆளின் குரலைப் பதிந்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓட்டிக் காட்டுவது என் கடை வழக்கம். அதைக் கேட்டவர்கள் யாரும் கார்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை. கிம் நியோ மைக்கில், வீட்டில் அவனைச் செல்லமாகக் கூப்பிடுவதுபோலவே, "ஆ சூன், இங்க பாரு" என்றாள். பின் இடது ஸ்பீக்கரில் அதை ஓட்டியதும் அவன் முழுசாகத் திரும்பி, அடுக்கியிருந்த மின்விசிறிப் பெட்டிகளைப் பார்த்து, "என்ன?" என்றான். கிம் நியோ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. குரல் தெளிவாக விழுந்திருந்தது.

சில மாதங்களில் அவள் சமையலறையில் வழுக்கி விழுந்து, மேடை முனையில் தலை அடிபட்டுக் கிடந்தாள். அவன் கூடத்தில் பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். படம் முடிந்த பிறகுதான் எழுந்து போனான். அதற்குள் அவள் உயிர் போயிருந்தது.

அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவள் சவப்பெட்டியை வைத்திருந்தோம். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வைக்கும் வேர்க்கடலையை நான் உடைத்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ கூப்பிட்டது கேட்டுச்சு மச்சான். பின்னாடியிருந்து கேட்டுச்சு. படத்துலயும் ஒருத்தி கூப்பிட்டுக்கிட்டே இருந்தாளா, அதுதான்னு நெனச்சிட்டேன். நீ போட்டுக் குடுத்த சத்தம் அவ்வளவு நெசமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் தட்டிலும் கொஞ்சம் கடலை போட்டேன். கேட்டும் திரும்பவில்லை என்று அவனே சொல்லிவிட்டான். அதற்கு மேல் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் சீனக் கணக்கில் பேய்கள் வெளியே உலவும் ஏழாம் மாதம் பிறந்தது. தெருவெல்லாம் பேய்களுக்குக் காகிதப் பணம் எரித்தார்கள். நானும் ஊதுபத்தியோடு அவன் வீட்டுக்குப் போனேன். கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி ஒரு சின்ன நிரலை ஏற்றினேன். கடையில் பதிந்த கிம் நியோவின் குரலில் "இங்க பாரு" என்பதை வெட்டிவிட்டு, பெயரை மட்டும் அதில் வைத்தேன். படம் ஓடும்போது எப்போதாவது, பின் இடது ஸ்பீக்கரில் மட்டும், சன்னமாக அது ஒலிக்கும்.

அந்த வாரமே கடைக்கு ஓடி வந்தான்.

"மச்சான், அவ கூப்பிடுறா."

"திரும்புனியா?"

"திரும்பாம? அவ குரல் மச்சான் அது."

"கிறுக்கா நீ? ஏழாம் மாசத்துல பின்னாடியிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலாமா? மனுசனுக்கு ரெண்டு தோள்லயும் உசிர் வெளக்கு எரியுது. திரும்புனா அணைஞ்சிடும், அப்புறம் அவகூடவே போக வேண்டியதுதான். ஒங்கம்மா சொல்லித் தரல?"

"அன்னிக்கித்தான் திரும்பல. இப்பவும் திரும்பக் கூடாதா?"

"கூடாது."

அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இளகிய மனசு என்று இந்தக் கட்டடத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

அவன் நல்ல மாணவன். முதலில் வீட்டில் திரும்புவதை விட்டான். பிறகு சந்தையில், பேருந்தில். வேலையிடத்தில் மேலாளர் பின்னால் நின்று கத்தினாலும் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றானாம். செவிட்டு வாத்து என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். என்னிடம் சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன்.

மாதம் முடிவதற்குள், சரக்கு இறக்கும் இடத்திலிருந்து மானிட்டர் பெட்டிகளைத் தூக்கிவர உதவிக்கு அவனைக் கூப்பிட்டேன். அங்கே லாரிகள் பின்பக்கமாகத்தான் வரும். அவன் முதுகுப் பக்கமாக ஒன்று வந்தது. அதற்கே உரிய பீப் பீப் சத்தத்தோடுதான் வந்தது. பின்னாலிருந்து வரும் எந்தச் சத்தத்துக்கும் அவன் இப்போது திரும்புவதில்லை. சட்டையைப் பிடித்து இழுக்கும் தூரத்தில் நான் நின்றேன். என் கைகள் காலியாகத்தான் இருந்தன.

நான் கூப்பிட்டேன், இன்ஸ்பெக்டர். லாரிக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார், உண்மைதான். "ஆ சூன்" என்று உரக்கக் கூப்பிட்டேன். கிம் நியோ இழுப்பதுபோல அந்த முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்தேன், அவ்வளவுதான். அவன் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே, நேராகப் பார்த்து நின்றான். லாரி அவன் மேல் ஏறியது.

இவ்வளவும் நான் செய்ததுதான். திட்டமிட்டுச் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் சற்றுமுன் நீங்கள் ஒன்று கேட்டீர்களே, இரண்டு ஸ்பீக்கரோடு விட்டிருந்தால் அன்றைக்கு அவன் திரும்பியிருப்பானா என்று. அந்தக் கேள்விக்கு இங்கே வேலையில்லை. மனைவி மேல் பிரியம் இருக்கிறவன் எத்தனை ஸ்பீக்கருக்கு நடுவிலும் திரும்புவான். கார்டில் எந்தக் குறையும் இல்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது நல்ல கார்டு, நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தது.