பதினேழாம் நம்பர் வில்லை

— கதவைச் சாத்தாதீக. நான் சத்தம் போட வரலை.

— யாருன்னு இன்னொரு தடவை சொல்லு தாயி. விடியக்காலை வண்டிக்குப் போயிட்டு இப்பத்தான் தலையைச் சாச்சேன். காதுல இன்னும் ரயிலு ஓடுது.

— உலகம்மா. போர்ட்டர் தவசி பொண்டாட்டி. உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து வாரேன்.

— தவசி பொண்டாட்டியா?

— ஆமா. டேசன்ல கேட்டேன். பதினேழாம் நம்பரு இந்த வளவுல மூணாவது ரூம்புன்னாக. நீங்கதானா தவசி?

— உள்ள வா தாயி, வாசல்ல நிக்காத.

— கையில வில்லை கட்டியிருக்கீக. பித்தளையில பதினேழு. எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பரு தெரியும்.

— அந்த மூட்டையைக் குடு, வாங்கி வைக்கிறேன்.

— கனமில்லை.

— தூக்கிப் பழகின கை. ஒரு ஆளு வந்தா மூட்டையைத்தான் மொதல்ல பாக்கும்… ஆமா, கனமில்லை. உக்காரு. பானையில தண்ணி இருக்கு.

— நீங்க என் புருசன் இல்லை.

— இல்லை.

— கூசாமச் சொல்லுறீகளே.

— கூசுறதுக்கும் ஒடம்புல கொஞ்சம் தெம்பு வேணும் தாயி.

— அவரை என்ன செஞ்சீக? கொன்னு போட்டீகளா?

— எனக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும். அவராத்தான் வில்லையைக் கழட்டி என் கையில கட்டினாரு. ஏழு வருசம் ஆச்சு. “இனிமே நீதான் தவசி, டேசன்ல நம்பரைத்தான் பாப்பாக, ஆளைப் பாக்க மாட்டாக”ன்னாரு. அப்பிடித்தான் இருக்கு. யாரும் பாக்கலை.

— எங்கன போறேன்னு சொல்லலையா?

— சொல்லலை. வருசத்துக்கு ஒருக்கா செய்யச் சொல்லி ஒரு வேலை மட்டும் சொன்னாரு.

— என்ன வேலை?

— அது கெடக்கட்டும்.

— ஏ பதினேழு! என்னப்பா, உன் ரூம்புல பொம்பளைச் சத்தம்? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து நான் எலிச் சத்தம்தானே கேட்டிருக்கேன்!

— உள்ள வாங்க பாக்கர் பாய். தவசி பொண்டாட்டி வந்திருக்கு.

— உன் பொண்டாட்டியா? சொல்லவே இல்லையேப்பா!

— தவசி பொண்டாட்டி, பாய்.

— நீதானே தவசி? … யா அல்லா! அட ஆமா. ஒரு காய்ச்சல்ல நீதான் உளறினே, எனக்கே மறந்துபோச்சு. தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. இந்த வளவுல ஆறு ரூம்பு. பேரையெல்லாம் நம்பிரப்படாது.

— நீங்க பாக்கர்தானே?

— பாக்கரு என் மச்சான். கொழும்புக்குப் போக அவன் பேருலதான் காகிதம் இருந்துச்சு. போனது நானு, திரும்பி வந்தது பாக்கரு. என் பேரை வச்சுக்கிட்டு வேற ஊருல இருந்த மச்சான் மவுத்தானப்ப, ஊருல என்னைச் சொல்லித்தான் அழுதாங்களாம். நல்லா அழுதாங்களாம், கேள்விப்பட்டேன். அதுக்குப் பொறகு எந்த மொகத்தோட போறது?

— அப்ப இங்கன சொந்தப் பேருல யாரு இருக்கா?

— கெணத்தடியில படுத்திருக்கே, அந்த நாயி. மணி. அதையும் ஆறாம் ரூம்புக்காரன் வேற பேரு சொல்லித்தான் கூப்பிடுறான். ஏ பதினேழு, இன்னைக்குத்தானே உன் கதை முடியுற நாளு?

— பதினோரு மணிக்கு.

— என்ன பதினோரு மணிக்கு?

— புயலடிச்சு நாப்பது நாளாச்சுல்ல தாயி. பாம்பன் பாலமும் போச்சு, வண்டி மண்டபத்தோட நின்னுருது. எந்த வில்லைக்கு ஆளு இருக்கு, எதுக்கு இல்லைன்னு புதுசா லிஸ்டு எடுக்குறாக. வீட்டு ஆளு ஒருத்தர் வந்து, இவருதான்னு கைநாட்டு வைக்கணும். வைக்காட்டி வில்லையைக் கழட்டி மேசையில வச்சிரணும்.

— வச்சுட்டா?

— நான் யாருமில்லை.

— உங்க சொந்தப் பேரு இருக்கும்ல?

— இருந்துச்சு. அதைக் கூப்பிட்ட ஆளுக யாரும் இப்ப இல்லை. கூப்பிட ஆளில்லாத பேரை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

— தங்கச்சி, அல்லாவே அனுப்பின மாதிரி வந்திருக்கீங்க. ஆனா பாருங்க, தப்பான புருசனுக்கு அனுப்பிட்டான்.

— நான் வைக்கிறேன் கைநாட்டு.

— ஏன் தாயி?

— எனக்கும் படுக்க ஒரு இடம் வேணும். மழைக்கு ஒழுகாட்டிச் சரி.

— ஒழுகும்.

— எவ்வளவு ஒழுகும்?

— ஒரு மூலையில. சட்டி வச்சுக்கலாம்.

— அப்பச் சரி.

— பொறு தங்கச்சி, பொறு. அங்கன கேள்வி கேப்பாங்க. நான்தான் ஆபீசரு. நாற்காலி இல்லை, இந்தப் பொட்டியில உக்காந்துக்கிறேன். ம்… கல்யாணம் ஆகி எத்தனை வருசம்?

— பன்னெண்டு.

— பதினஞ்சு.

— ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் போனீங்களா? பதினஞ்சுன்னே வச்சுக்கங்க, கூடுதலாச் சொன்னா நம்புவாங்க. புருசனுக்கு அடையாளம்?

— எடது தோள்ல தழும்பு. சுமை தூக்கையில பொட்டி விழுந்து.

— காட்டுப்பா.

— எனக்குச் சோத்துக்கைப் பக்கம் பாய்.

— அப்ப ஆபீசரு கேக்கையில திரும்பி நில்லு. தங்கச்சி, அவரு சாப்பாடு எப்பிடி?

— சோத்துக்கு உப்புப் போட விடமாட்டாரு. வீசுற காத்துலயே உப்பு இருக்கு, அது போதும்பாரு.

— உங்க ஊருல ஏது தாயி கடக்காத்து? வயக்காடுல்ல?

— … டேசன் வேலையா மண்டபம் போயி வருவாருல்ல. அப்பச் சொன்னது.

— ம்.

— புருசன் பொண்டாட்டியாட்டம் மொறைச்சுக்கிறீங்க. இது போதும். இந்தக் காகிதப் பொட்டணம் என்னப்பா, மாடத்துல?

— எள்ளு. தொடாதீக பாய்.

— எள்ளு எதுக்கு?

— திங்கக்கெழமை தை அம்மாவாசைல்ல, தாயி.

— தங்கச்சிக்குத் தெரியாதுல்ல? வருசா வருசம் சேதுக்கரைக்குப் போயி, செத்தவங்களுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வருவான். அன்னைக்கு மட்டும் வண்டி இருந்தாலும் வேலைக்குப் போக மாட்டான். யாருக்குடான்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டான்.

— உங்க அய்யாவுக்கா?

— கெளம்புவோம். மணியாச்சு.

* * *

— அந்த மையைத் தொடை. சேலையில படுது.

— படட்டும். என்னமோ கேள்வி கேப்பாகன்னு பாய் அத்தனை பாடம் நடத்தினாரே, அந்த ஆபீசரு தலையைக்கூட நிமித்தலை.

— வில்லையைப் பாத்தாரு. நம்பரு அழியாம இருந்துச்சு. அவருக்கு அது போதும்.

— பாய் எங்கன?

— டீக்கடைக்கு ஓடிட்டாரு. தவசி குடும்பத்துக்குன்னு மூணு டீ சொல்லுறாராம்.

— ஆபீசரு எம் பேரைக் கேட்டாரு. உலகம்மான்னு சொன்னேன். சொல்லச் சொல்ல வாயி பழகிருச்சு.

— பழகிரும். மொத வருசம் யாராச்சும் தவசின்னா ரெண்டாந் தடவைதான் திரும்புவேன். இப்பத் தூக்கத்துலயும் திரும்புறேன்.

— ஒரு மாதிரிப் பாக்குறீக.

— காலையில உன் மூட்டையைத் தூக்கினேன்ல. ஒரு கம்பளி, ஒரு சட்டி, ஒரு சேலை. வயக்காட்டுல இருந்து வாரவுக மூட்டை அப்பிடி இருக்காது. ஒரு படி அரிசியாச்சும் கனக்கும். இந்த நாப்பது நாளா இதே மூட்டையைத்தான் தூக்கிக்கிட்டு இருக்கேன். புயல் முகாமுல இருந்து வாரவுக மூட்டை. அந்தச் சனத்துக்கிட்ட நான் கூலி வாங்குறதில்லை. கனமே இல்லாததுக்கு என்னன்னு வாங்குறது?

— ஏன் அப்பவே கேக்கலை?

— கேட்டா நீ பதில் சொல்லணும். அதையும் நான்தான் தூக்கணும்.

— இப்பக் கேளுங்க.

— வேண்டாம்.

— சேதுக்கரைக்கு எப்பிடிப் போவீக?

— திருப்புல்லாணி வரைக்கும் பஸ்சு. அங்கன இருந்து நடை.

— பொணம் கெடைக்காதவுகளுக்கும் எள்ளுத் தண்ணி விடலாமா?

— விடலாம். இந்த வருசம் கரையில பாதிச் சனம் அதுக்குத்தான் நிக்கும்.

— கடல் கொண்டுபோனவுகளுக்கு, அந்தக் கடல்லயேவா?

— வேற எங்க போயி விடுறது?

— பொம்பளை விடலாமா?

— அய்யரு வேண்டாம்பாரு. கடலு ஒண்ணும் சொல்லாது.

— பேரு சொல்லணுமோ?

— சொல்லணும். நம்ம பேரை யாரும் கேக்கப் போறதில்லை, செத்தவுக பேரை மட்டும் சரியாச் சொல்லணும். மாத்திச் சொன்னா தண்ணி வேற ஆளுக்குப் போயிரும்.

— அப்ப நானும் வாரேன்.

— வா. உன் கூட இருந்து கடலு கொண்டுபோன தவசிக்கு நீ விடு, உலகம்மாளுக்கு நான் விடுறேன். அவரு சொல்லிட்டுப் போன வேலை அதுதான், ஏழு வருசமா அவளுக்கு நான்தான் விடுறேன்.