ரீபாவின் இரண்டு விடைத்தாள்கள்

ஜோஷுவா: ஒரே வாரத்துல ரீபா எப்படி ஆறாம் வகுப்புலயும் இருப்பா, மூணாம் வகுப்புலயும் இருப்பா?

ஜெபராணி: எந்த வகுப்புக்குத் தேறுவான்னு பார்க்க நீங்க எழுத வச்ச பரீட்சை வேற, நான் எழுத வச்சது வேற. ரெண்டும் வேற வேற பாடத்திட்டம்லா.

ஜோஷுவா: கணக்கு ஒண்ணுதான ஜெபா.

ஜெபராணி: ஒங்க புத்தகத்துல பீட்சா வெட்டுத கணக்கு. என் புத்தகத்துல வாய்க்கால் வெட்டுத கணக்கு. வாய்க்கால் கஷ்டம்.

ஜோஷுவா: நாளைக்கு ஸ்கூல்ல பதில் சொல்லணும். அஞ்சாம் வகுப்புல இடம் வச்சிருக்காங்க. அஞ்சுக்குக் கீழ வந்தா வீட்டுப் படிப்பு வேண்டாம், திரும்ப அனுப்பிருவோம்னு நீதான சொன்ன.

ஜெபராணி: சொன்னேன்...

ஜோஷுவா: பத்து எண்ணுததுக்குள்ள விடை சொல்லலைன்னா அந்த மிஸ் மறுபடியும் வெளிய நிக்க வைப்பா.

ஜெபராணி: அதான் ஒங்க தாள்ல ஆறுன்னு வந்திருக்குலா. அதையே வச்சுக்கிடுவோம்.

ஜோஷுவா: அப்ப ஒன் தாள்ல இது? அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு போட்டிருக்கு.

ஜெபராணி: பார்க்கச் சரியாத்தான இருக்கு.

ஜோஷுவா: சரியா?

ஜெபராணி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஜோஷுவா: அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறைஞ்சு போகுமா? ஒங்க வீட்டு மூளையால்லா இருக்கு.

ஜெபராணி: எங்க வீட்டுல நாலு தமிழ் வாத்தியார். பின்னம் கேட்டு யாரும் வாசல் ஏறல.

ஜோஷுவா: பிள்ளை எழுதும்போது நீ பக்கத்துல இருந்தியா?

ஜெபராணி: ரொம்பப் பக்கத்துல. நீங்க?

ஜோஷுவா: அதே மாதிரிதான்...

ஜெபராணி: ஒங்க தாள்ல ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போட்டிருக்கு. ரீபா எப்ப இருந்து இப்படிப் போடுதா?

ஜோஷுவா: யாரு போட்டாலும் ஏழு ஏழுதான்.

ஜெபராணி: நம்ம காலண்டர்ல நீங்க போடுத ஏழு.

ஜோஷுவா: ...தாளைக் கண்டதும் அழுதா ஜெபா. மனசு கேக்கல. நானே எழுதிட்டேன்.

ஜெபராணி: இன்ஜினியருக்கு ஆறாம் வகுப்பு.

ஜோஷுவா: அதுல ஆறுக்கு மேல கேள்வியே இல்ல. நீ என்ன பண்ணுன?

ஜெபராணி: வீட்டுல நடத்தப் போறது நான். எனக்கு எது வரைக்கும் எட்டும்னு பார்க்கணும்லா... மூணு வரைக்கும் எட்டுது. சிரிக்காதீங்க.

ஜோஷுவா: சிரிக்கல. அப்ப ரெண்டு தாளையும் திருத்தி வகுப்பு போட்டது மட்டும் நீயா? தப்புக்குத் தப்பு பச்சை மையில படம் போட்டு விளக்கியிருக்கு.

ஜெபராணி: நீங்கன்னுலா நினைச்சேன். பின்னத்துக்குப் பக்கத்துல 'பைய யோசி'ன்னு கூட எழுதியிருந்துச்சு. எவ்வளவு பொறுமைன்னு மனசுக்குள்ள மெச்சுனேன்.

ஜோஷுவா: நான் தொடவே இல்ல.

ஜெபராணி: ...ரீபா, இங்கன வா. ஒன் பச்சைப் பேனா எங்க?

ரீபா: பைக்குள்ள. எதுக்கு?

ஜோஷுவா: இதெல்லாம் திருத்தத் தெரியுதுன்னா, தாளைக் கண்டதும் ஏன் அழுத?

ரீபா: தாளைக் கண்டு அழல. பக்கத்துல நீங்க கடிகாரம் வச்சீங்க.

ஜெபராணி: அப்ப எந்தப் புத்தகம் வாங்கட்டும்?

ரீபா: வாய்க்கால் புத்தகம். மூணாம் வகுப்புல இருந்து வாங்குங்க. அம்மாவுக்கு நான் பைய சொல்லிக் கொடுக்கேன், வெளிய நிக்க வைக்க மாட்டேன்.