ராணி மேல் ஒரு கை

“இன்னும் ஒரே மூவ், மாமா. இந்தம்மா ஜெயிச்சிடுவாங்க.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. கோட்டுப் போட்ட ஒருவரோடு ஒரு பெண் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள்.

“ஸ்டூடியோவுல சும்மா உக்கார வெச்சி எடுத்ததுன்னு சொன்னியே மச்சான்?” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

“அப்படித்தான் நெனச்சேன். போஸ் குடுக்கிறவங்க காயை இஷ்டத்துக்கு வெச்சிருப்பாங்க. அதான் சிதம்பரத்துல ஒருத்தர் கேட்டதும் வித்துடறேன்னு சொல்லிட்டேன். காலையில லென்ஸ் வெச்சிப் பாத்து, என் போர்டுல அதே மாதிரி அடுக்கினேன். ஒரு காய்கூடத் தப்பில்ல. நெஜ ஆட்டம் மாமா!”

“அப்ப விக்க மாட்டியா?”

“மாட்டேன். அவருகிட்ட காட்டிட்டு, நேர்ல சொல்லிட்டு வந்துடறேன். இங்க பாருங்க, அவங்க கை ராணி மேல இருக்குது. எடுத்து வெச்சா செக்மேட்.”

பெரியவர் போட்டோவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

“எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது மாமா. எப்படிச் சிரிக்கிறாரு, பாருங்க.”