எந்தக் கைக்கு

களைக்கொத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரும்பைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. விரலால் சுண்டி ஓசை கேட்கிறார்கள், வாயைத் தடவிப் பார்க்கிறார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். காம்பைப் பார்க்கிறவர் குறைவு. இரும்பு மண்ணோடு பழகும். மனிதனோடு பழகுவது காம்புதான். உள்ளங்கை கொப்பளிப்பதும் தோள் இறங்கிப்போவதும் பொருந்தாத காம்பினால் வருபவை.

எங்கள் சிலமலையில் யாருக்கு மண்வெட்டி வேண்டுமானாலும் என்னை அழைத்துக்கொண்டுதான் போடிக்குப் போவார்கள். காசிமாயன் கைபட்டுத் தேர்ந்த கருவி என்றால் ஒரு மதிப்பு உண்டு. நெடியவனுக்கு நீண்ட காம்பு. மலைச் சரிவில் நின்று கொத்துகிறவனுக்குக் குட்டைக் காம்பு. ஏலச்செடியின் தூரில் களை எடுக்கக் கூரிய கொத்து ஆகாது. அதன் வேர் மண்ணின் மேலாகவே படர்வது; வெட்டுப்பட்டால் அழுகும், இழுத்தால் கையோடு வந்துவிடும். அங்கே மழுங்கிய கொத்தே நல்ல கொத்து. கூர்மை எல்லா இடத்திலும் நன்மையன்று.

ஏட்டையா எழுதிக்கொண்டிருக்கிறார், ஆகையால் மெதுவாகவே சொல்கிறேன். என் மகன் அருள்பாண்டி மரத்திலிருந்து தவறி விழுந்தான் என்று நீங்கள் முடித்துவிட்ட வழக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கருவியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

அருள்பாண்டி இடக் கைக்காரன். தவழ்ந்த காலத்திலேயே விளக்கை நோக்கி நீண்டது அந்தக் கைதான். என் மனைவி குருவம்மாள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள், நான் விடவில்லை. எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு நந்தவனம் இருக்கிறது. நந்தியாவட்டையும் அரளியும் வில்வமும் என் கையால் வைத்தவை. விடியலில் பதிகம் ஓதியபடியே பூக்கொய்து, தொடுத்து, சிவன் கோயிலுக்குக் கொண்டு செல்வது என் தந்தை எனக்கு விட்டுச்சென்ற பணி. எனக்குப் பின் அது அவனுடையது. இறைவனுக்கு இடக் கையால் பூ நீட்டுகிற ஒருவனிடம் அந்தப் பூக்குடலையை எப்படி ஒப்படைப்பேன்? ஆகவே அவன் எதை நீட்டினாலும், எதை வாங்க வந்தாலும், "வலக் கை" என்பேன். வேறு ஒன்றும் சொல்லமாட்டேன், அடித்ததும் இல்லை. அவன் கை மாற்றுவான். நான் அப்பால் திரும்பியதும் மறுபடியும் இடக் கைக்கு வந்துவிடுவான்.

வளர்ந்து, சிவரஞ்சனியை மணந்து, பெண் குழந்தைக்குத் தகப்பனான பின்னும் அவன் அப்படியேதான் இருந்தான். நல்ல பிள்ளை. குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டான். ஆட்களோடு சிரித்துப் பேசி வேலை வாங்குவான். எனக்கு அந்தக் கலை கைவரவில்லை.

கருவியில்தான் எங்களுக்குள் முதல் பிணக்கு வந்தது. மழைக்கு முன் தோட்டத்தின் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். இல்லையென்றால் ஏலத்துக்கு வெளிச்சம் போதாது. அதற்குரிய வெட்டுக்கத்தியை மலையில் வாக்கத்தி என்பார்கள், மலையாளத்துச் சொல். அதன் வாய் ஒரு புறம் தட்டையாகவும் மறுபுறம் சரிவாகவும் இருக்கும். வலக் கைக்காரனுக்குச் சரிவு வலப்புறம். வழிவழியாக எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். போடியில் கொல்லுப் பட்டறை வைத்திருக்கும் சோணை என் மகனுக்கென்று சரிவை இடப்புறம் மாற்றி ஒரு கத்தி அடித்துக் கொடுத்தான். நான் போய்க் கேட்டேன்.

"பிள்ளைக்குத் தோதா இருக்கணும்ல அண்ணே," என்றான் சோணை. "நம்ம கத்திய அவன் புடிச்சு வெட்டுனா மரத்துல ஏறாது. பட்டையில வழுக்கிட்டு ஆள் மேலதான் வரும். ஊருக்கெல்லாம் காம்பு பாத்துக் குடுக்குறீக, ஒங்களுக்கு நாஞ் சொல்லணுமாக்கும்?"

உண்மைதான். எனக்கு அவன் சொல்ல வேண்டியதில்லை. ஐயா, அந்தச் சொல்லை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

பங்குனி உத்திரத்தன்று முதல் முறையாகக் குடலையை அவன் தோளில் ஏற்றினேன். சன்னிதியில் கூட்டம். குருக்கள் கையை நீட்டினார். அவன் மாலையை எடுத்துக் கொடுத்தான், இடக் கையால். குருக்கள் ஒன்றும் நினைக்காமல் வாங்கிக்கொண்டார். நான் மெல்ல, "வலக் கை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்ப்பா, சாமி தன்னோட எடப் பக்கத்தத்தான ஆத்தாளுக்குக் குடுத்துருக்காரு? அவரே வச்சுக்கிட்டாரு, ஒங்களுக்கு என்ன வந்துச்சு? நான் ஆத்தா பக்கம்ப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருக்களும் சிரித்து, "பேஷ், அப்படிக் கேளு" என்றார். நானும் புன்னகைத்ததாக நினைவு. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து பதிகம் ஓத உட்கார்ந்தபோது ஒன்று நேர்ந்தது. இளமை முதல் நான் ஓதிவந்த பாடல்களில் எல்லாம் அந்த இடப்பாகம் வந்துகொண்டே இருந்தது. உமையை இடத்தில் வைத்தவனே, உமையை இடத்தில் வைத்தவனே என்று என் வாயே சொல்லிற்று. வாழ்நாள் முழுதும் நான் பாடிய பாட்டு அவன் பக்கம் நின்றது. அன்றைக்குப் பதிகத்தை நடுவிலே நிறுத்தினேன். அதற்கு முன் நான் நிறுத்தியதில்லை.

சித்திரையில் ஒரு நாள் அவன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். நான் கொட்டிலில் கிடந்த சாணைக்கல்லில் நீர் தெளித்து உட்கார்ந்தேன். சோணை இட்ட சரிவைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். தட்டையாக இருந்த முகத்தைச் சரித்தேன். பொறுமை வேண்டிய வேலை. காம்பைத் தொடவில்லை, அது அவன் கைக்கு இழைத்த காம்பு, பிடித்தால் ஐயம் வராது. சிவரஞ்சனி மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஒங்களுக்கு எதுக்கு மாமா இந்தச் சோலி? அவுக வந்து தீட்டிக்குவாகல்ல?" என்றாள். "இருக்கட்டும்மா, பிள்ளைக்குத்தானே" என்றேன்.

என் கணக்கு இதுதான். கத்தி வழுக்கும், அவனுடைய இடக் கையில் ஒரு காயம் படும். சில காலம் அந்தக் கையைக் கட்டி வைக்க நேரும். அதற்குள் வலக் கை பழகிவிடும். ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கசப்பு மருந்து புகட்டுவதில்லையா?

தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறும்போது அவன் கேட்டான். "கத்தி யாருப்பா தீட்டுனது?"

"நான்தான்."

"அப்பச் சரி," என்றான். சோணையிடமிருந்து வந்த கத்தியைக்கூடக் கட்டைவிரலால் வருடிப் பார்க்கிறவன் அவன். என்னிடமிருந்து வந்ததைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, வழி நெடுகக் குழந்தை பேசிய புதுச் சொற்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

தோட்டத்தின் ஓரத்தில், பள்ளத்தின் விளிம்பில் ஒரு மரம். பெண்கள் கீழ்ச் சரிவில் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். "கயிறு கட்டிக்க" என்றேன். அதை நான் சொன்னேன் என்பதையும் எழுதுங்கள். "ஒத்தக் கொப்புத்தானப்பா, வெரசா எறங்கிருவேன்" என்று ஏறிவிட்டான். நான் அடியில் நின்றேன். அவன் கத்தியை எடுக்கும் வரை, ஓங்கும் வரை, இறங்கு என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பதிகத்தில் ஓர் அடி மீதம் இருந்தது, அதை முடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் கணக்குப் பிழைத்தது. இடக் கையால் வெட்டுகிறவன் எந்தக் கையால் மரத்தைப் பிடித்திருப்பான் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. கருவி தேர்வதில் நான் செய்த ஒரே பிழை அது. கத்தி பட்டையில் வழுக்கித் திரும்பி, கிளையைப் பற்றியிருந்த வலக் கையில் இறங்கியது. நான் விரும்பிய கையில்.

அவன் உடனே விழவில்லை. மரத்தோடு சறுக்கி வந்து சரிவில் புரண்டு, விளிம்பில் ஓர் ஏலத்தூரை வலது முழங்கையால் வளைத்துக்கொண்டான். கால் இரண்டும் வெளியில். நான் மண்டியிட்டுக் குனிந்தேன். எட்டும் தொலைவுதான். எனக்குக் கையில் வலு உண்டு. வாழ்நாளெல்லாம் மண் வெட்டிய கை. அவன் அண்ணாந்து, "அப்பா" என்று கையை நீட்டினான்.

இடக் கை.

நான், "வலக் கை" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டுமென்று சொல்லவில்லை என்று என்னால் கூற முடியும்; வாய் பழகிய சொல் என்றும் கூற முடியும். அவனுடைய வலக் கையிலிருந்து குருதி வழிவதை நான் பார்த்தேன். அதுதான் அவனைத் தாங்கியிருக்கிறது என்பதையும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் சொன்னேன், ஐயா.

அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு கை மாற்றினான்.

மாற்றுவதற்குத் தூரை விட வேண்டியிருந்தது. இடக் கையால் அதைப் பற்றிக்கொண்டு வலக் கையைத் தூக்க முயன்றான். ஏலத்தின் வேர் மேலாகவே படர்வது. செடி கையோடு வந்துவிட்டது.

ஒவ்வொரு விடியலிலும் அந்த முகம் வருகிறது. பூக்கொய்யும்போதும் வருகிறது. அவனுடைய செருப்பு இன்னும் ஜீப்பில் கிடக்கிறது. எடுக்க என்னால் ஆகவில்லை. சிவரஞ்சனி என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. "மாமா, நீங்க ஒரு வாய் சாப்புடுங்க" என்று தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று அழுகிறாள். அவளிடம் ஒரே ஒரு ஆறுதல் சொல்ல நினைக்கிறேன், சொல்லவில்லை. கடைசியில் அவன் என் சொல்லைத் தட்டவில்லை. கீழ்ப்படிந்த பிள்ளையாகவே போனான்.

கத்தி பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று முன்பு உங்களிடம் சொன்னேன். அது பொய். நந்தவனத்தில் முதல் நந்தியாவட்டைக்கு அடியில் இருக்கிறது. தோண்டச் செல்கிறவர்களிடம் மண்வெட்டி கொடுக்க வேண்டாம், வேர் அறுந்துபோகும். குட்டைக் காம்புள்ள கைக்கொத்து போதும். கொட்டிலில் வலப்புறம் தொங்குகிறது.

இன்று ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி முத்துப்பிரியா இப்போது நந்தவனத்துக்கு என்னோடு வருகிறாள். நேற்றுக் காலை ஓர் அரளிப் பூவைப் பறித்து, "தாத்தா, பூவு" என்று நீட்டினாள். அந்தக் கைதான். அவள் அப்பன் நீட்டியது போலவே, உள்ளங்கையை விரித்து. நான் பூவை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் நெடுநேரம் நீட்டிக்கொண்டே நின்றாள்.

இன்று விடிந்ததும் சோணையின் பட்டறைக்குப் போனேன். குழந்தைக்கு ஒரு சிறு கொத்து வேண்டும் என்றேன். மகன் இறந்த பிறகு நான் அங்கே போனது அதுவே முதல் முறை. அவன் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தான். அளவெல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, "எந்தக் கைக்குண்ணே?" என்றான்.

"வலக் கைக்கு" என்றேன்.

சோணை துருத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவன் என்ன கண்டான் என்று தெரியவில்லை. நான் எழுந்து நேரே இங்கே வந்துவிட்டேன். என்னை அந்தக் குழந்தையிடமிருந்து நீங்கள் விலக்கி வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கொத்து நாளை ஆகிவிடும். சோணை சொன்ன சொல் தவறமாட்டான். கொய்யாக் கட்டையில், அவளுடைய சின்ன விரல்கள் பதியும்படி காம்பு இழைக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டறை வழியாகப் போகிறவர் யாரேனும் அதை வாங்கிச் சிவரஞ்சனியிடம் சேர்த்துவிடுங்கள். நல்ல கருவி, ஐயா. வீணாகக் கூடாது.