பொறாமைப்படுகிறேன், பெரியோர்களே!

பயந்து ஓடுகிறவர்களைக்கூடக் கையைப் பிடித்து அழைத்துவந்து குருதி கொடுக்க வைக்கும் எங்கள் மன்றத்தின் தலைவர், இந்த அவைக்கும் தலைமை ஏற்றிருக்கும் ஐயா ஏகநாதன் அவர்களே! படப்பையிலிருந்து பேருந்து மாறி, வெயிலில் வேர்த்து வந்திருக்கும் பெரியோர்களே! ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பிள்ளைகளை முன்னே தள்ளிவிடும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரத் தம்பிமார்களே! தாம்பரத்தில் திரண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் மேடவாக்கம் சுபத்ராவின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெருந்தொற்றில் பிறந்த நம்பிக்கை’. எனக்கு முன்னால் பேசிய பிரேம் அண்ணன் அந்த நம்பிக்கை முழுவதையும் தானே பேசி, கைதட்டல் முழுவதையும் தானே வாரிக்கொண்டு போய்விட்டார். பாருங்கள், இப்போதே எனக்கு வயிறு எரிகிறது! சிரிக்காதீர்கள் ஐயா. நான் பேச வந்ததே அந்த வயிற்றெரிச்சலைப் பற்றித்தான்.

ஊரடங்கு வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஊரே முகத்தை மூடியது. நான் முன்பே மூடியிருந்தேன். ஊரே கையைக் கழுவியது. நான் முன்பே கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தேன். ஊரே வீட்டுக்குள் முடங்கி “போரடிக்குது, போரடிக்குது” என்று புலம்பியது. போரடிக்கிறதாமே! அலுத்துப்போகும் அளவுக்கு ஆரோக்கியம் இருந்தவர்களைப் பார்த்து நான் பொருமினேன். தேர்வே இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். என் தோழிகள் துள்ளிக் குதித்தார்கள். நானோ அந்தத் தேர்வை எழுதிக் கணக்கில் தோற்றுப்போகக்கூடத் தயாராக இருந்தேன்.

சலூன்களை மூடினார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் குடியிருப்புப் பையன்கள் எல்லாம் வீட்டிலேயே மொட்டை அடித்துக்கொண்டு, வரிசையாக நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். “சுபத்ரா, நீயும் எங்க செட்டுதான்” என்று எழுதினான் ஒருவன். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் தலையில் அடுத்த மாதம் முடி முளைக்கும். என் தலையில் எப்போது முளைக்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அந்தப் படத்தை நான் அழித்துவிட்டேன்.

என் படுக்கைக்கு அடுத்த படுக்கையில் என் வயதில் ஒருத்தி இருந்தாள். உதயா. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் கிளியம்மாளின் மகள். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு ‘என் பேச்சை எடுக்காதே’ என்று கை காட்டுகிறாளே, அவளேதான்! அவளுக்கும் அதே நோய், அதே மருந்து, அதே வாந்தி. முதல் நாளே கேட்டாள்:

“இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற?”

“எல்லார் மேலயும் பொறாமையா இருக்கு.”

“அய்ய, எனக்கும்தான்! நீ ஒண்ணு சொல்லு, நான் ஒண்ணு சொல்றேன். யாருது பெருசுன்னு பாப்போம்.”

அப்படித் தொடங்கியது எங்கள் போட்டி. பல் விளக்கும்போது இரத்தம் வராதவர்கள் மீது எனக்குப் பொறாமை. ரோட்டுக்கடைப் பரோட்டா தின்பவர்கள் மீது அவளுக்குப் பொறாமை. தும்மினால் மட்டும் பயப்படுகிறவர்கள் மீது எனக்கு. வார்டு ஜன்னலில் வந்து நின்ற காக்காய் மீது அவளுக்கு! பார்க்க வர யாருக்கும் அனுமதி இல்லை. கூட ஒருவர் மட்டும் இருக்கலாம். அந்த அறையில் அழாமல் பொழுதைக் கழிக்க எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பிறகு என் குருதியில் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கின. உடனே யாராவது கொடுக்க வேண்டும். அப்பா எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மன்றாடினார். எத்தனை வீடுகள், எத்தனை வாலிபர்கள்! கூப்பிய கைப் படங்களாக வந்து குவிந்தன. கூப்பிய கை ஒன்றுகூட நீளவில்லை. மருத்துவமனைக்கு வந்தால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயம். “ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வந்தா லிஃப்ட்ல ஏத்தலாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அதே நாளில் உதயாவுக்காக ஒரு மீன் வண்டி வந்தது. மீன் வண்டிக்கு அனுமதி உண்டல்லவா? குப்பத்து இளைஞர்கள் அதில் ஏறிவிட்டார்கள். வழியில் போலீஸ்காரர் மறித்து, “வண்டில மீன் எங்கடா?” என்றாராம். அவள் அண்ணன் எத்திராஜ், “மீனு இல்ல சார், ரத்தம்தான் கீது. தங்கச்சிக்குக் குடுக்கப் போறோம்” என்றாராம். போலீஸ்காரர் வழிவிட்டார். அவளுக்கு ஒரு குப்பமே வந்தது. எனக்கு ஒரு பிளாட்காரர்கூட வரவில்லை. அன்று அவள் மீது நான் பட்ட பொறாமையில் எனக்குக் காய்ச்சலே வந்திருக்கும்!

ஆனால் வந்தவர்களில் எத்திராஜின் குருதி மட்டும் தங்கைக்குச் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. “இந்தப் பாப்பாவுக்கு எடுத்துக்கங்க” என்று கையை நீட்டிவிட்டார். நான் பிழைத்தேன்.

நான் எழுந்து உட்கார்ந்தபோது உதயா படுத்துவிட்டாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வார்டுக்குள் விடவில்லை. இவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. “இன்னிக்கு உனக்கு யார் மேல பொறாமை?” என்று கேட்டேன்.

“யார் மேலயும் இல்ல. எவன் எப்டி கீறான்னு எனக்கு இன்னா?”

தாய்மார்களே, என் வாழ்க்கையில் நான் நடுங்கியது அந்தப் பதிலைக் கேட்டுத்தான்! வாழ ஆசை இருப்பவருக்குத்தானே பொறாமை வரும்? பரோட்டா வேண்டாம், காக்காயின் சிறகும் வேண்டாம் என்றால் இவள் எங்கே போகப் பார்க்கிறாள்? யோசித்தேன். வேண்டுமென்றே சொன்னேன்.

“உங்கண்ணன் ரத்தம் இப்போ எனக்குள்ள ஓடுது. உனக்குச் சேரல, எனக்குச் சேர்ந்துச்சு. இனிமே அவர் எனக்குத்தான் அண்ணன்.”

போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தாள்!

“எங்கண்ணன்டி அவன்! ஒரு பாட்டில் குடுத்தா உனுக்கு அண்ணனாயிடுவானா? இரு, நான் வூட்டுக்குப் போயி அவன இன்னா பண்றேன் பாரு!”

வீட்டுக்குப் போய் என்றாள் ஐயா! பல நாளுக்குப் பிறகு அவள் வாயில் வீடு என்ற சொல் வந்தது. திட்டிக்கொண்டே கஞ்சி கேட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இப்போது இருவரும் குணமாகிவிட்டோம். அவள் முடி என் முடியைவிட அடர்த்தி. அதிலும் எனக்குக் கடுப்புதான். இன்று காலை, நீங்கள் வரும் முன்பே, நாங்கள் இருவரும் குருதி எடுக்கும் பக்கத்து அறைக்குப் போனோம். “எடை சரியாக இருக்கிறது, வயது இருக்கிறது, முதல் குருதி எங்களுடையதாக இருக்கட்டும்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டோம். செவிலியர் ஜோசலின் அக்கா எங்கள் கைகளை மெதுவாக இறக்கிவிட்டார். “இந்த நோய் வந்தவங்க குணமானாலும் குடுக்கக் கூடாதும்மா. எப்பவுமே.”

“ஊரு ரத்தத்த எல்லாம் வாங்கிக்கினோமேடி, ஒரு சொட்டு திருப்பித் தர முடியாதா?” என்றாள் உதயா.

ஆகவே அவையோரே, உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். முழங்கை மடிப்பில் பச்சையாக ஒரு நரம்பு தெரிகிறதா? அந்த நரம்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்! ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் ஓர் உயிரைப் பிழைக்கவைக்க உங்களால் முடியும், என்னால் முடியாது என்று பொறாமைப்படுகிறேன்! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகப் பார்க்கிறாரே அந்தத் தம்பி, அவரைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகப் பொறாமைப்படுகிறேன்! உட்காருங்கள் தம்பி, அடுத்த பஸ் வரும்.

பேச வாய்ப்பளித்த தலைவர் ஐயாவுக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி, வணக்கம். நானும் உதயாவும் அந்த அறை வாசலிலேயே நிற்கப்போகிறோம். ஒவ்வொருவராக உள்ளே போங்கள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து வெளியே வாருங்கள். நாங்கள் ஆசை தீரப் பொறாமைப்பட வேண்டும்.