காய்ச்சலே வராத ஆள்

பயப்படாதீங்கக்கா, ஒரே ஒரு குழாய்தான். கையை மடக்காம நீட்டுங்க. உங்க வீட்டைப் பார்த்து யாரும் குறி வச்சு அனுப்பலை, குலுக்கல்ல வந்த வீடு. இந்த ஊர்ல எத்தனை பேரு உடம்புல அந்தக் காய்ச்சலைத் தாங்குற சக்தி வந்திருக்குன்னு கணக்கெடுக்கறோம். அடுத்த அலை வந்தா யாருக்கு முதல்ல ஊசி போடறதுன்னு தெரியணும்ல? பேரெல்லாம் எழுத மாட்டோம். ஒரு நம்பர், வயசு, தெரு, அவ்வளவுதான்.

உங்க ரிசல்ட்டா? அதைச் சொல்ல மாட்டாங்களே. ஏன் கேக்கறீங்க?

அடப்பாவமே. மாமியாரா? அந்தக் காய்ச்சல்லயா போயிட்டாங்க? நீங்க ஒரு நாள்கூடப் படுக்கலை, அதான் உங்ககிட்டருந்து ஒட்டிக்கிச்சோன்னு உறுத்துது. வேணாங்கக்கா. தெரிஞ்சுக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க.

எங்க லேப்ல இந்த வேலையை ஆரம்பிச்சப்போ, ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காய்ச்சலே வராத ஆளோட ரத்தம் வேணும்னாங்க. ஊசியும் போட்டிருக்கக் கூடாது. நான்தான் முந்திரிக்கொட்டையாச்சே, முதல் ஆளா கையை நீட்டினேன். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை! இரும்பு உடம்புன்னு டாக்டரம்மா கேலி பண்ணுவாங்க. மறுநாள் பார்த்தா எனக்கு வந்து போயிருக்கு. நம்பாம மூணு தடவை டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் அதேதான்.

எங்களுக்கு ஒரு பாப்பா இருந்தா. ஆறு வயசு. அந்தக் காய்ச்சல்லதான் போனா. பள்ளிக்கூடமே மூடியிருந்துச்சு, வாசப்படி தாண்டலை புள்ள. எங்க வீட்டுக்காரரு பஸ் ஓட்டறவரு. அந்த வாரம் அவருக்குத்தான் சளி. எங்கம்மா அவரு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாங்க, கண்டவனையும் ஏத்தி இறக்கி, கடைசியில உன் புள்ளைக்கே கொண்டாந்து குடுத்துட்டியேன்னு. நானும் அவரைத்தான் நினைச்சேன். ரெண்டு மாசம் அவரோட முகம் குடுத்துப் பேசலை.

என் ரிசல்ட் வந்த அன்னிக்கே, சர்க்கரை பார்க்கலாம் வாங்கன்னு பொய் சொல்லி அவருக்கும் ரத்தம் எடுத்தேன். ஒண்ணுமே இல்லக்கா. அவருக்கு அது வரவே இல்லை. அன்னிக்கு இருந்தது வெறும் சளி.

இன்னமும் வேலை விட்டு வந்தா வாசல்லயே சட்டையைக் கழட்டிப் போட்டு, முழங்கை வரைக்கும் சோப்பு தேய்ச்சிட்டுத்தான் உள்ள வர்றாரு. இனி யாருக்கு ஒட்டப் போகுது சொல்லுங்க? நேத்தும் பாப்பா படத்து முன்னாடி நின்னு, அப்பாவை மன்னிச்சிரும்மான்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

பஞ்சை நல்லா அழுத்திப் புடிங்க, கைய விட்டுடாதீங்க.

ரிசல்ட் வந்து நாலு மாசமாச்சு. அவர்கிட்ட நான் இன்னும் சொல்லலைக்கா.